கண்டறியாத பழம்

மார்ச் 8

புறப்பட்ட இடம்: வீடு. சேர்ந்த இடம்: ஆஸ்பத்திரி. திரும்பவும் வீடு. பாதை: பனி, பாலத்தடியில் வழுக்கல். ஏற்றிய சரக்கு: யோகம், என் மனுசி.

முப்பது வருடம் கனடா முழுக்க ட்ரக் ஓட்டியவனுக்கு இப்படிக் குறிப்பு எழுதுவது ஒரு வருத்தம். ஓடிய ஓட்டத்தை அன்றன்றே எழுதாவிட்டால் பொலிஸ் தண்டம் அடிக்கும் என்று எழுதிப் பழகிய கை. ஓய்வெடுத்து இந்த நோவா ஸ்கோஷியாவுக்கு வந்த பிறகும் சும்மா கிடக்க மாட்டேன் என்கிறது.

டொக்டர் இளம் பிள்ளை. எங்கள் மகள் சாம்பவியின் வயதுதான் இருக்கும். கதிரையை இழுத்துக்கொண்டு எங்களுக்குக் கிட்ட வந்து இருந்தாள். டொக்டர்மார் கிட்ட வந்து இருந்தால் எனக்குப் பிடிப்பதில்லை. படத்தைக் காட்டிக் கணையம், ஈரல் என்று ஆறுதலாகச் சொல்லிக்கொண்டு போனாள். நடுவில் இரண்டு தடவை ‘சமர்’, அதாவது கோடை, என்றாள். நான் தலையை ஆட்டிக்கொண்டிருந்தேன்.

காரில் ஏறியதும் யோகம் கேட்டாள்.

“இஞ்சேருங்கோ, என்னவாம்?”

“மருந்தை ஒழுங்கா எடுத்தால் சமருக்குள்ளை எல்லாம் சரியாகிடுமாம்.”

“அப்பிடியே சொன்னவ?”

“பின்னை நான் என்ன பொய்யே சொல்றன்?”

அவள் வெளியே பனியைப் பார்த்துக்கொண்டு வந்தாள். பாலம் தாண்டியதும், “சமர் எண்டால் ஆவணி மட்டும் எண்டு வைப்பம்” என்றாள். ஆவணியோ புரட்டாதியோ, சரியானால் சரிதானே என்றேன்.

யோகத்துக்கு இங்கிலீஷ் அவ்வளவு ஓடாது. வங்கியிலும் ஆஸ்பத்திரியிலும் நான்தான் அவளுக்கு வாய். இன்றைக்கு அது நல்லதாய்ப் போயிற்று.

மார்ச் 11

காலை முழுக்கக் கம்ப்யூட்டரில் இருந்து படித்தேன். மருந்தைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு ஊரெல்லாம் தேடியிருக்கிறோம்!

எங்கள் வீட்டுக்குப் பின்னால் கிடக்கிற காட்டுப் புளூபெரி இருக்கிறதே, அது கடையில் பெட்டிக்குள் விற்கிற சாதி இல்லை. கடைப்பழம் வளர்ப்புப் பழம்; பார்க்கப் பிள்ளைகள் உருட்டி விளையாடுகிற கண்ணாடிப் போளை மாதிரி இருக்கும், உள்ளே வெறும் வெள்ளை. எங்களுடையது பட்டாணிக்கடலை அளவுதான். ஆனால் சத்தெல்லாம் தோலின் நீலத்திலேயே இருக்கிறதாம். பழம் சின்னதென்றால் ஒரு கைப்பிடிக்குள் தோல் கூட. இருதயத்துக்கு நல்லது, இரத்தக் குழாய்க்கு நல்லது, கண்ணுக்கு, ஞாபகத்துக்கு, சீனி வருத்தத்துக்கு, எல்லாவற்றுக்கும் நல்லதாம்.

போன ஆவணியில் பிடுங்கியது ஃபிரீசர் நிறையக் கிடக்கிறது. இனிக் காலையில் ஒரு கோப்பை, பின்னேரம் ஒரு கோப்பை என்று சட்டம் போட்டிருக்கிறேன்.

சாம்பவி ரொறன்ரோவுக்குக் கிட்ட மார்க்கம் ஊரிலிருந்து போன் எடுத்தாள். சொன்னேன்.

“அப்பா, அது நல்ல சாப்பாடு. மருந்து இல்லை. அம்மாவுக்கு வந்திருக்கிறதுக்கு—”

“நீ வை போனை” என்றேன். மருந்துக்கடையில் வேலை செய்கிறவளுக்குக் குளிசை விற்கத்தான் தெரியும்.

மார்ச் 14

யோகம் சாப்பிடுகிறாள்தான். ஆனால் என்ன கூத்து! உப்பும் மிளகாய்த்தூளும் கேட்கிறாள், ஏதோ மாங்காய்க்குக் கேட்கிற மாதிரி.

“கண்டறியாத பழம்! இனிப்புமில்லை, புளிப்புமில்லை. இதுக்கு நாவல்பழம் எவ்வளவோ மேல்.”

“நாவலும் நாக்கைத்தான் நீலமாக்கும், இதுவும் அதைத்தான் செய்யும். கதையாமல் சாப்பிடும்.”

“நீங்களும் எடுங்கோவன். சீனியும் பிரஷரும் உங்களுக்குத்தானே?”

நான் எடுப்பேனா? அவளுக்கு உள்ளதில் கை வைக்க நான் என்ன பேயனா.

நான் பக்கத்தில் நின்றால் வெட்கமாம், தொண்டைக்குள் இறங்காதாம். அதனால் கோப்பையைக் கட்டிலடியில் வைத்துவிட்டு வெளியே போய்விடுவேன். திரும்பி வந்து, “நாக்கைக் காட்டும்” என்பேன். சின்னப் பிள்ளை மாதிரி நீட்டிக் காட்டுவாள். ஊதா. கோப்பையும் வெறுமை. அதன் பிறகுதான் எனக்குத் தேத்தண்ணி இறங்கும்.

மார்ச் 19

பனி தள்ளினேன். கார் பற்றரியைப் பார்த்தேன். யோகத்தின் அறை ஜன்னல் விளிம்பு முழுக்கக் குருவி எச்சம். அதுவும் ஊதா எச்சம். கழுவ ஒரு வாளி சுடுதண்ணி போயிற்று. இந்தக் குளிரில் ஜன்னலை ஏன் நீக்கி வைக்கிறாள் என்று கேட்டால் காற்று வேண்டுமாம்.

பக்கத்துக் காணி ஹெக்டரின் மனைவி மார்கரெட் வந்தாள். இரண்டு பேரும் கதவைச் சாத்திவிட்டு ஒரே கதை. எந்தப் பாஷையில் என்று கடவுளுக்குத்தான் வெளிச்சம். போகும்போது மார்கரெட்டுக்குக் கண்ணும் மூக்கும் சிவந்திருந்தது. தடிமனோடு நோயாளி வீட்டுக்கு வருகிறார்கள், அறிவில்லாதவர்கள்.

மார்ச் 23

சண்டை.

“இஞ்சேருங்கோ, இந்தமுறை காணியைக் கொளுத்த வேணும். ஹெக்டருக்குச் சொல்லிப்போட்டியளோ?”

“இந்தமுறை கொளுத்தேல்லை.”

“ஏன்?”

“ஏன் எண்டால் ஏன். நான் காணிக்காரன், நான் சொல்றன்.”

பைத்தியக்காரி. அவளுக்குத் தெரியாததா? இந்தப் பழத்தை இங்கே யாரும் நடுவதில்லை. அதுவாகவே வந்த சீவன். மேலே முழங்கால் உயரம்கூட இல்லாத பற்றை. சீவியம் முழுக்க மண்ணுக்குக் கீழேதான். இஞ்சி ஓடுகிற மாதிரி வேர்த்தண்டு ஓடி, கண்ட கண்ட இடத்தில் தலையை நீட்டும். மேலே உள்ள தடி கிழண்டினால் பழம் குறையும். அதனால் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை, பனி கரைந்த கையோடு, மண்ணின் ஈரம் காயமுந்தி மேலே எல்லாவற்றையும் எரித்துவிடுவார்கள். வேருக்கு ஒன்றும் ஆகாது. எரித்த வருடம் தளிர் மட்டும். பழம் அடுத்த வருட ஆவணியில்.

ஹெக்டருக்குப் பெரிய காணி, பாதி பாதியாக எரிப்பார். எங்களுடையது ஒரு சின்னத் துண்டு, எரித்தால் முழுக்கத்தான். போன ஆவணி எங்களுக்குப் பழ வருடம். முறைப்படி பார்த்தால் இப்போது எரிக்க வேண்டும். ஆனால் எரிக்காமல் விட்டால் இந்த ஆவணியிலும் கொஞ்சம் பழம் வரும். யோகம் ஒருத்தி புதுப்பழம் சாப்பிட எவ்வளவு வேண்டும்? அடுத்த வருடமும் அவள் சாப்பிடலாம்தான், இல்லையென்று நான் சொல்லவில்லை. ஆனால் இந்த வருடம்தான் உடம்புக்குத் தேவை.

“எனக்குப் பழம் வேண்டாம். காணி பழுதாப் போகக்கூடாது” என்று சொல்லிவிட்டு மற்றப் பக்கம் திரும்பிப் படுத்தாள்.

மார்ச் 24

கதைக்கவில்லை.

மார்ச் 25

கதைக்கவில்லை. கஞ்சியும் குடிக்கவில்லை.

மார்ச் 26

சரி, கொளுத்தித் தொலைக்கிறேன் என்றேன். உடனே கஞ்சி குடித்தாள். ஊமை ஊரைக் கெடுக்கும் என்று சும்மாவா சொன்னார்கள்.

ஏப்ரில் 4

என் ஓட்ஸ் கஞ்சிக்குள் புளூபெரி கிடந்தது. காலையில் அவள்தான் எழும்பிக் காய்ச்சினாள். “மாறிப் போட்டிட்டன்” என்கிறாள். ஞாபகத்துக்கு நல்லது என்று கொடுக்கிற சாமானையே மாறிப் போடுகிறாள். எல்லாவற்றையும் பொறுக்கி எடுத்துக் கழுவி அவளுடைய கோப்பைக்குள் போட்டேன்.

ஏப்ரில் 20

எரித்தாயிற்று.

காற்றில்லாத நாள். ஹெக்டர் வைக்கோலைப் பரப்பி, தண்ணீர்த் தாங்கியை ஏற்றிய பிக்கப்பை வேலியோடு விட்டிருந்தார். யோகத்தைப் போர்வையால் சுற்றிக் கதிரையில் இருத்தியிருந்தேன். ஹெக்டரைக் கண்டால் எங்கள் முதல் வசந்தம்தான் ஞாபகம் வரும். வீடு வாங்கி வந்த புதிதில் பின்காணி முழுக்கப் பற்றையாகக் கிடக்கிறதே, கொளுத்திவிட்டு மிளகாய்க் கன்று நடுவோம் என்று நான் ஒரு நாள் நெருப்பு வைத்துவிட்டேன். ஹெக்டர் விழுந்தடித்து ஓடி வந்தார். ஏச வருகிறார் என்று பார்த்தால் கையைப் பிடித்துக் குலுக்குகிறார். “ரொறன்ரோவிலிருந்து வந்த ஆளுக்குப் புளூபெரிக் காணியைச் சரியான நேரத்தில் எரிக்க யார் சொல்லித் தந்தது?” எனக்கு என்ன தெரியும்! எங்கள் ஆட்களுக்கு எல்லாம் தெரியும் என்று தலையை ஆட்டிவிட்டு நின்றேன். மிளகாய் ஒன்றும் வரவில்லை. மறுவருடம் காணி முழுக்க நீலம். அதைக் கண்டுதான் யோகம் முதன்முதலாக, “என்ன இது, கண்டறியாத பழம்” என்றாள். இன்றைக்கும் அந்தக் கதையைச் சொல்லிச் சிரித்தாள்.

பிறகு எழும்பி, “நான் வைக்கிறன்” என்றாள்.

“விசர்க்கதை கதையாதையும். இரும்.”

“தாருங்கோ எண்டுறன்.”

ஹெக்டர் என்னைப் பார்க்கவில்லை. பந்தத்தை அவள் கையில் கொடுத்துவிட்டார். இரண்டு கையாலும் பிடித்துக் குனிந்து வைத்தாள். நெருப்பு நிலத்தோடு நிலமாகப் போயிற்று. போர்வை போர்த்துகிற மாதிரி மெதுவாகத்தான் போயிற்று. அவள் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். “இனி வாற ஆவணிக்கு அடுத்த ஆவணி” என்று விரல் மடித்து ஏதோ கணக்குப் பார்த்தாள்.

எனக்கு அந்தப் புகை ஒத்துக்கொள்ளவில்லை. கண் எரிந்தது. வீட்டுக்குள் வந்துவிட்டேன்.

பின்குறிப்பு. பாறையடி மூலையில் ஒரு பாய் விரிக்கிற அளவு இடத்தை விடியவே தண்ணீர் ஊற்றி நனைத்து வைத்திருந்தேன். அங்கே நெருப்பு ஏறவில்லை. யாருக்கும் சொல்லவில்லை.

மே 16

காணி கரி. மழை. யோகத்துக்குப் புது வில்லை ஒன்று தோளில் ஒட்டுகிறார்கள். நோ குறைகிறது, நித்திரை கூடுகிறது. நித்திரை நல்லதுதான். உடம்பு தேறுகிற அடையாளம்.

ஜூன் 3

ஹெக்டரின் பழப் பக்கம் பூத்துவிட்டது. சின்னச் சின்ன வெள்ளை மணி தலைகீழாகத் தொங்குகிற மாதிரிப் பூ. வாடகைத் தேனீப் பெட்டிகள் வந்து இறங்கியிருக்கின்றன. எங்கள் பக்கத்தில் கரிக்குள்ளிருந்து சிவப்பாகத் தளிர் கிளம்பியிருக்கிறது, அவ்வளவுதான். பாறையடியில் மட்டும் பூ.

இரவு உறைபனி விழும் என்று ரேடியோ சொல்கிறது. பூ கருகிவிடும். கட்டில் விரிப்பைக் கொண்டுபோய் மூடி, நாலு பக்கமும் கல் வைத்தேன்.

ஜூன் 4

“நீலக்கரை விரிப்பு எங்கை?”

“தோய்க்கப் போட்டனான்.”

“மெசினுக்குள்ளை இல்லையே.”

கட்டிலை விட்டு எழும்ப மாட்டாத மனுசிக்கு மெசினுக்குள் என்ன கிடக்கிறது என்று எப்படித் தெரிந்ததோ.

பூ தப்பிவிட்டது.

ஜூலை 12

சாம்பவி லீவு எடுத்து வந்திருக்கிறாள். வந்ததும் தாயைக் கட்டிப் பிடித்துக்கொண்டு விம்மினாள். நோயாளிக்கு முன்னால் அழக்கூடாது என்ற விவஸ்தை இல்லை. பின்னால் கூட்டிப்போய் ஏசினேன்.

“அப்பா, அம்மாவுக்கு உண்மையைச் சொல்ல வேணும்.”

“என்ன உண்மை? அவவுக்குச் சொல்ல வேண்டியதை நான் சொல்லியாச்சு.”

“நீங்கள் என்ன சொன்னனீங்கள்?”

அவள் என்னைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு என்னையும் கட்டிப் பிடித்தாள். நான் அழவில்லை.

ஜூலை 15

என்னைக் கடைக்கு அனுப்பிவிட்டுத் தாயும் மகளும் என்னவோ கதைத்திருக்கிறார்கள். திரும்பி வந்தால் இரண்டு பேரும் ஒரே சிரிப்பு. “என்ன விசயம்?” என்றால், “ஒண்டுமில்லை, குருவிக் கதை” என்கிறாள் யோகம்.

ஓகஸ்ட் 17

பாறையடியில் பழுத்துவிட்டது! விடியவே போய்ப் பார்த்தேன். குறைவுதான், ஒரு கோப்பை வரும். சீப்பு மாதிரிப் பல் வைத்த கூடையால் வாராமல் கையாலேயே ஒவ்வொன்றாகப் பிடுங்கினேன். தோலின் மேல் இருக்கிற வெள்ளைப் பூச்சு அழியக்கூடாது.

யோகம் இப்போது சாப்பாடென்று ஒன்றும் எடுப்பதில்லை. பஞ்சால் உதட்டை நனைக்கிறோம். கோப்பையைக் கொண்டுபோய் முகத்துக்கு நேரே பிடித்தேன். நெடுநேரம் பார்த்தாள்.

“எங்கையாலை?”

“பாறையடியிலை நெருப்புப் பிடிக்கேல்லை.”

“நெருப்புக்கும் உங்களை மாதிரிப் பிடிவாதம்.”

ஒன்றை எடுத்து வாயில் வைத்தேன். மெல்ல அவளுக்குக் கன நேரம் எடுத்தது.

“எப்பிடி?”

“நல்ல இனிப்பு” என்றாள். “இவ்வளவு நாளும் சாப்பிட்டதுக்குள்ளை இதுதான் திறம்.”

இன்னொன்றை நீட்டினேன். அதை வாங்கி என் வாய்க்குக் கிட்டக் கொண்டுவந்தாள். கை தூக்க ஏலாமல் பாதியில் நின்றது. நான் வேண்டாம் என்று தலையை ஆட்டினேன். “அது உமக்கு.”

நாக்கைக் காட்டும் என்று கேட்கவில்லை. அவளாகவே கொஞ்சம் நீட்டிக் காட்டினாள்.

ஓகஸ்ட் 27

இரண்டு நாளாகக் கண் திறக்கவில்லை. டொக்டர் வீட்டுக்கே வந்தாள். என்னைப் பார்த்துத் தலையை மட்டும் ஆட்டினாள். அவளுக்கு என்ன தெரியும். சமர் இன்னும் முடியவில்லையே.

ஓகஸ்ட் 30

விடிய ஐந்து மணிக்கு.

செப்டெம்பர் 2

உடலை எரியூட்டுகிற பொத்தானைச் சாம்பவி அமத்தினாள். நான் வெளியே நின்றேன். ஹெக்டர் பக்கத்தில் நின்றார். நல்ல மனுசன்.

செப்டெம்பர் 6

எட்டாம் நாள், எட்டுச் செலவு. மீன், இறைச்சி என்று மச்சம் சமைத்துப் படைத்தோம். மார்கரெட் ஆப்பிள் பை கொண்டுவந்தாள். சாம்பவி அதையும் ஒரு துண்டு வெட்டி இலையில் வைத்தாள். யோகத்துக்கு அது விருப்பமாம். எனக்குத் தெரியாது. கல்யாணம் கட்டி இத்தனை வருடமாகியும் எனக்குத் தெரியாது.

செப்டெம்பர் 30

ஒரு மாதக் கிரியை, அந்தியேட்டி, முடிந்தது. கடற்கரையில் ஐயர் சொன்னதையெல்லாம் செய்தேன். தண்ணீர் சரியான குளிர். அவளுக்குக் குளிர் கண்ணில் காட்டக்கூடாது.

சாம்பவி வீட்டை விற்றுவிட்டு மார்க்கத்துக்கு வரச் சொல்கிறாள்.

“தனிய இஞ்சை என்னப்பா செய்யப் போறியள்?”

“காணி கிடக்குது.”

“காணியிலை ஒண்டும் இல்லையே.”

“இந்த வருசம் இல்லை. கொம்மா வேலைமினக்கெட்டுக் கொளுத்திவிட்டுப் போயிருக்கிறா. பழத்தைப் பார்க்காமல் நான் அசையேன்.”

அவள் என்னைப் பார்த்த பார்வை எனக்கு விளங்கவில்லை. “சரி, வருசம் முடிஞ்சு ஆட்டைத் திவசம் வருமட்டும் இருங்கோ” என்றாள். தர்க்கம் பண்ணுவாள் என்று பார்த்தேன், பண்ணவில்லை.

ஒக்டோபர் 12

காணி முழுக்க இலை சிவந்துவிட்டது. “இஞ்சேரும், வந்து பாரும்” என்று வாய் தானாகக் கூப்பிட்டுவிட்டது. எங்களுக்குள் பெயர் சொல்லிக் கூப்பிடுகிற வழக்கம் இருந்ததில்லை. அவள் ‘இஞ்சேருங்கோ’, நான் ‘இஞ்சேரும்’. இப்போது இந்த வீட்டில் இஞ்சேருங்கோ என்று சொல்ல ஒரு ஆள் இல்லை.

ஒக்டோபர் 29

தீபாவளி. ஆட்டை முடியும் வரைக்கும் எங்களுக்கு ஒன்றும் இல்லை. பாண் சாப்பிட்டேன்.

டிசெம்பர் 9

சீனி கூடிக் கிடக்கிறதாம். டொக்டர் ஏசினாள். சமைக்கிறதில்லையா என்று கேட்டாள். சமைக்கிறேன் என்றேன். ஃபிரீசரில் இன்னும் ஒரு பை புளூபெரி கிடக்கிறது. அதை நான் தொடமாட்டேன். அது அவளுடையது.

ஜனவரி 15

பொங்கல். பொங்கவில்லை. காணியும் பனிக்குக் கீழே சும்மா கிடக்கிறது. எரித்த வருடம் அதுவும் ஒன்றும் கொண்டாடவில்லை, நானும் கொண்டாடவில்லை. இரண்டு பேருக்கும் ஒரே ஆட்டை.

பெப்ரவரி 20

இனி ஏன் இருக்கிறேன் என்று இருக்கிறது. இதை எழுதி வைக்கிறேன், பிறகு வெட்டிவிடுவேன்.

பெப்ரவரி 21

வெட்டவில்லை. ஹெக்டர் வந்து பனியைக் கிளறிக் காட்டினார். தடிகளின் நுனியில் மொட்டு உருண்டு நிற்கிறது. இந்த முறை கொட்டும் என்கிறார். ஆவணி வரைக்கும் பார்ப்போம்.

ஜூன் 6

பூ. முழுக் காணியும் வெள்ளை. தேனீச் சத்தம் வீட்டுக்குள்ளும் கேட்கிறது. மாறி மாறிப் படலை வரைக்கும் நடந்தேன். பசித்தது. முட்டை பொரித்துச் சாப்பிட்டேன்.

ஜூலை 28

ஐயரிடம் போனில் நாள் கேட்டேன். திதி ஓகஸ்ட் 19 இல் வருகிறதாம். காணிக்குள் இறங்கிப் பார்த்தேன். பச்சையிலிருந்து செந்நிறம் ஏறிக்கொண்டிருக்கிறது. சரியாக அந்த மட்டில்தான் பழுக்கும். அதிசயம்தான்.

ஓகஸ்ட் 19

ஆட்டைத் திவசம்.

விடியற்காலையில் காணிக்குள் இறங்கினேன். கால் வைக்க இடமில்லை, அவ்வளவு பழம். ஒரு தடி கருநீலம், பக்கத்துத் தடி வெளிர்நீலம், ஒரு கொத்தோ கறுப்பே கறுப்பு. கையால் பிடுங்கிப் பெரிய கோப்பை நிறைத்துக்கொண்டு வந்தேன்.

சாம்பவி நேற்றே வந்துவிட்டாள். கத்தரிக்காய்ப் பால்கறி, வாழைக்காய்ப் பொரியல், வடை, மோதகம், மார்கரெட்டின் ஆப்பிள் பை எல்லாம் இலையில் வைத்தாயிற்று. நடுவில் இடம் விடச் சொன்னேன். அங்கே கோப்பையை வைத்தேன்.

சாம்பவி அதைப் பார்த்ததும் வாயைப் பொத்திக்கொண்டாள். சிரிக்கிறாளா அழுகிறாளா தெரியவில்லை.

“என்ன பிள்ளை?”

“அம்மா சொன்னபடியே வைக்கிறியள்.”

“அவ எனக்கு ஒண்டும் சொல்லேல்லையே. அவவுக்கு விருப்பமான சாமான் எண்டு வைக்கிறன்.”

“அப்பா,” என்றாள். “அம்மாவுக்கு இந்தப் பழம் துண்டறப் பிடிக்காது.”

“உனக்கென்ன விசரே? ஒவ்வொரு நாளும் கோப்பை கோப்பையாச் சாப்பிட்டவ. நான் நாக்கைப் பார்த்தனான்.”

“நாக்கு ஊதாவாக ரெண்டு பழம் காணும். மிச்சத்தைக் குருவி சாப்பிட்டது.”

ஜன்னல் விளிம்பு. ஊதா எச்சம். ஒரு வாளி சுடுதண்ணி ஊற்றிக் கழுவினேனே, நான் ஒரு மடையன்.

“பின்னை ஏன் படைக்கச் சொன்னவ?”

“படைச்சதைப் பேந்து ஆரப்பா சாப்பிடுறது?”

நான் இருந்துவிட்டேன். அவளும் பக்கத்தில் வந்து நிலத்தில் இருந்தாள். போன ஜூலையில் என்னைக் கடைக்கு அனுப்பிவிட்டு யோகம் சொன்னதை அப்படியே அவளுடைய குரலில் சொன்னாள்.

“‘பிள்ளை, டொக்டர் சமர் மட்டும்தான் நான் இருப்பன் எண்டு சொன்னவ. ஆவணியிலை நான் போனால் ஆட்டையும் ஆவணியிலைதான் வரும். அதுக்குத்தான் சண்டை பிடிச்சு இந்த ஏப்ரிலிலையே கொளுத்திச்சனான். கொப்பர் சும்மா குடுத்தால் ஒண்டும் வாயிலை வைக்கமாட்டார். ஆனால் எனக்குப் படைச்சது எண்டால் எறியமாட்டார். பழம் வருமட்டும் காணியை விட்டு அசையவும் மாட்டார். ஒரு ஆட்டை தாண்டிச்செண்டால் மனுசன் தப்பிடும்.’”

படையலுக்கு முன்னால் இருந்த யோகத்தின் படத்தைப் பார்த்தேன். பிறகு கேட்டேன்.

“அப்ப டொக்டர் சொன்னது அவவுக்கு விளங்கினதே?”

“விளங்கினது. காருக்குள்ளை நீங்கள் சொன்னதும் விளங்கினது.”

படத்தில் யோகம் நீலக்கரைச் சேலையோடு ஒன்றும் தெரியாதவள் மாதிரி இருக்கிறாள். எனக்காக இங்கிலீஷ் தெரியாதவளாக இருந்தாள். எனக்காகப் பிடிக்காத பழத்தை மென்றாள். அந்தக் கடைசிப் பழத்தையும் நல்ல இனிப்பென்று சொன்னாள். என் வாய்க்கு நேரே கொண்டுவந்ததை நான் வேண்டாம் என்று தலையை ஆட்டினேன். கை பாதியில் நின்றது. ஐயோ, அதை ஒருக்கால் வாயைத் திறந்து வாங்கியிருக்கலாமே.

அழுதேன். இந்த ஒரு வருடமும் சேர்த்து அழுதேன். சாம்பவி தடுக்கவில்லை.

கற்பூரம் காட்டி முடிந்ததும் கோப்பையை எடுத்துக்கொண்டு படத்துக்கு முன்னால் இருந்து சாப்பிட்டேன். உப்பும் மிளகாய்த்தூளும் போட்டேன். கண்டறியாத பழம், இனிப்புமில்லை, புளிப்புமில்லை. கடைசிப் பழம் வரைக்கும் சாப்பிட்டேன்.

பிறகு நாக்கை நீட்டி அவளுக்குக் காட்டினேன்.

ஹெக்டர் பின்னேரம் வந்தார். வாற வசந்தத்தில் எரிக்க வேண்டும், மறவாமல் வாரும் என்று சொல்லி வைத்திருக்கிறேன். பாறையடி மூலையை மட்டும் விட வேண்டும். குருவிகளுக்கு.